வலியைத் தாங்குவதும் தணிப்பதும்

முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குப் பின் வரும் வலி, மனிதர் தெரிந்தே ஒப்புக்கொண்டு வாங்கிக்கொள்ளும் வலி. தேய்ந்த மூட்டின் வலி வயதோடும் உழைப்போடும் தானாக வந்து சேர்ந்தது. அறுவையின் வலி கையெழுத்துப் போட்டுப் பெற்றது. பழைய வலி ஒழியட்டும் என்று புதிய வலி ஒன்றுக்கு உடம்பைக் கொடுத்தவர், அதைப் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டுமா, மருந்தால் தணித்துக்கொள்ளலாமா? மருத்துவர் இதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ள மாட்டார். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வீடுகளில் இது நிஜமான கேள்வி. முன்வினையை அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும் என்று மாத்திரையைத் தள்ளிவைக்கும் முதியவர்கள் அங்கே உண்டு. சிலுவைப் பாடுகளை நினைத்து முனகலை அடக்குபவர்கள் உண்டு. மாத்திரையில் மயக்கம் தரும் பொருள் இருந்தால் தொழுகை கூடுமா என்று தயங்குபவர்களும் உண்டு. மூன்று தயக்கத்துக்கும் அந்தந்தச் சமய மரபுக்குள்ளேயே விடை இருக்கிறது. பொதுவாக நம்பப்படுவதைவிட அந்த விடை கனிவானது.

1956-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழ் பேசும் மக்கள் நிறைந்த சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்டாரங்கள் கேரளத்தோடு நின்றன. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், முதலமடை, கோவிந்தாபுரம் என்று பாலக்காட்டுப் பக்கமும், மறையூர், காந்தளூர், வட்டவடை, மூணாறு, பூப்பாறை, குமுளி, வண்டிப்பெரியாறு என்று இடுக்கிப் பக்கமும் இன்றும் தமிழ் வீடுகள் இருக்கின்றன. முழங்கால் தேய்வுக்கு இங்கே காரணம் தேட வேண்டியதில்லை. மூணாற்றுச் சரிவுகளில் கொழுந்து கிள்ளும் பெண்கள், முதுகில் சுமையோடு மேடும் பள்ளமும் ஏறி இறங்கியே முப்பது நாற்பது ஆண்டுகளைக் கழித்தவர்கள். உடும்பன்சோலை ஏலக்காட்டில் வேலையே குந்தி உட்கார்ந்து செய்வது. கல்பாத்தி போன்ற அக்ரகாரங்களில் உழைப்பு வேறு வகை என்றாலும், சமையலும் பூசையும் பாராயணமும் தரையில்தான் நடந்தன. மூட்டுத் தேய்வு ஆண்களைவிடப் பெண்களை அதிகம் பிடிப்பது உலகெங்கும் கண்டது. இங்கும் அறுவைக்குப் போகிறவர்களில் பாட்டிகளே மிகுதி.

அறுவைக்கு இவர்கள் பெரும்பாலும் மலையிறங்கியோ எல்லை கடந்தோ போகிறார்கள். பாலக்காட்டார் வாளையாறு வழி கோவைக்கும், கொல்லங்கோட்டார் கோவிந்தாபுரம் வழி பொள்ளாச்சிக்கும், மறையூரார் சின்னாறு வழி உடுமலைக்கும் போவார்கள். குமுளி, பூப்பாறைக்காரர்களுக்குத் தேனியும் மதுரையும். திரும்பும் பயணம் அறுவையான சில நாட்களிலேயே வந்துவிடும். புது மூட்டோடு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் அந்தச் சில மணி நேரம், வண்டியை இடையிடையே நிறுத்திக் காலை நீட்டி மடக்காவிட்டால், வீக்கத்தைக் கூட்டி இரவைக் கெடுத்துவிடும். புறப்படும் முன் மாத்திரை வேளை தவறாமல் பார்த்துக்கொள்வதும் இந்தப் பகுதிக்கே உரிய அக்கறை.

அறுவையில் தொடை எலும்பின் கீழ்முனையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையும் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி எடுக்கப்படுகின்றன. சீவிய இடத்தில் உலோக மூடிகளும், அவற்றுக்கு நடுவே பாலிஎத்திலீன் தட்டும் பொருத்தப்படுகின்றன. எலும்பு, தசைநார், மூட்டுறை எல்லாமே வெட்டுப்படுகின்றன. அடிபட்ட திசுவில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் போன்ற பொருட்கள் நரம்பு முனைகளைக் கூர்மையாக்கிவிடுவதால், முன்பு வெறும் தொடுதலாக இருந்தது இப்போது வலியாகப் பதிவாகிறது. தொடர்ந்து வந்து மோதும் வலிச் செய்திகளால் தண்டுவடமும் உணர்வுகூடி, சிறு தூண்டலையும் பெரிதாக்கி மூளைக்கு அனுப்பத் தொடங்குகிறது. முதல் நாளிலேயே தணிக்கப்படாத வலி பிறகு தணிக்கக் கடினமாவது இதனால்தான். தாங்க முடியாமல் போன பிறகு மாத்திரை போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர், குறைவான மருந்தால் நடந்திருக்க வேண்டிய வேலைக்கு அதிக மருந்து எடுக்க வேண்டியதாகிறது.

இன்றைய மருத்துவம் ஒரே மருந்தை மலைபோல் நம்புவதில்லை. வெவ்வேறு இடத்தில் வேலை செய்யும் பல மருந்துகளைச் சிறுசிறு அளவில் சேர்க்கிறது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரக்கவைத்து அறுவை செய்கிறார்கள். மூட்டைச் சுற்றியே மரப்பு மருந்தைச் செலுத்துகிறார்கள். தொடையின் உட்பக்கம் ஓடும் நரம்பை மட்டும் சில மணி நேரம் உறங்கவைக்கும் ஊசியும் உண்டு. இதில் தொடைத் தசையின் பலம் பெரும்பாலும் குறையாததால், நோயாளி அன்றோ மறுநாளோ எழுந்து நிற்க முடிகிறது. அதன் பிறகு வேளை தவறாத பாராசிட்டமால், சிறுநீரகமும் வயிறும் இதயமும் இடம் கொடுத்தால் வீக்கம் குறைக்கும் மாத்திரை, இவற்றுக்கு அடங்காத வலிக்குச் சில நாள் டிரமடால் அல்லது மார்ஃபின் வகை. பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது; எடை குறைந்த முதியவர்களுக்கு மருத்துவர் இன்னும் குறைப்பார். டிரமடாலோடு சேர்ந்து வரும் கூட்டு மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால் இருப்பதால், தெரியாமல் இரண்டையும் போட்டு அளவு மீறுவது வீடுகளில் அடிக்கடி நேரும் தவறு. துணி சுற்றிய ஐஸ் பதினைந்து இருபது நிமிடமும், காலை உயர்த்தி வைப்பதும் வீக்கத்தைக் குறைக்கும். முறிவெண்ணெய், குழம்பு, தைலம் என்ற ஆயுர்வேத எண்ணெய்கள் இல்லாத வீடு இந்தப் பக்கம் அரிது. காயம் முழுதாக ஆறி அறுவை மருத்துவர் சரி சொல்லும் வரை அவற்றைக் காயத்தின் மேலோ சுற்றியோ தேய்க்கக் கூடாது. புது மூட்டில் கிருமி புகுந்தால் அதை மீட்பது பெரும்பாடு. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறினாலும், காய்ச்சலோடு காயத்தில் நீர் வடிந்தாலும் அது பொறுக்க வேண்டிய வலி அல்ல. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் வலி கடுமை. இரண்டாம் மூன்றாம் வாரத்தில், மருத்துவமனையின் ஊசிகள் நின்று பயிற்சி கூடும்போது, அது மறுபடி தலைதூக்கும். இரவு வலி பல வாரம் நீடிக்கும். முழுதாகத் தேற ஓராண்டு வரைகூட ஆகலாம்.

இனி கர்மத்தின் கேள்வி. சேர்த்துவைத்த வினை சஞ்சிதம், இந்தப் பிறவியில் அனுபவிக்கத் தொடங்கிவிட்ட வினை பிராரப்தம், இனிச் சேர்வது ஆகாமியம் என்று வேதாந்தம் பிரிக்கிறது. பிராரப்தத்தை ஞானியும் அனுபவித்தே கழிக்க வேண்டும் என்பது கோட்பாடு. மருந்தால் வலியை அடக்கினால் கடன் அடையாது, இன்னொரு பிறவிக்குத் தள்ளிப்போகும் என்று பல வீடுகளில் இதை விளங்கிக்கொள்கிறார்கள். இந்த விளக்கம் இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறது. முதலாவது, எவ்வளவு வலி தனக்கு விதிக்கப்பட்டது என்று எவருக்கும் முன்கூட்டித் தெரியாது. வலி பிராரப்தத்தால் வந்தது என்றால் மருத்துவரும் மாத்திரையும் அதே பிராரப்தத்தால் வந்து சேர்ந்தவர்களாகவே இருக்க வேண்டும். வலியை மட்டும் வினைக்கணக்கில் எழுதி, நிவாரணத்தை அதற்கு வெளியே வைப்பதற்கு அந்தக் கோட்பாட்டில் இடமில்லை. இரண்டாவது, பத்தாண்டுத் தேய்வு வலியைப் பொறுக்க முடியாது என்று அறுவைக்குச் சம்மதித்தவர், அந்தச் சம்மதத்தாலேயே பரிகாரம் தேடுவது தகும் என்று முடிவு செய்துவிட்டார். மூட்டை மாற்றிக்கொள்வது தகும், அதன் வலிக்கு மாத்திரை தகாது என்று கோடு போட நியாயம் கிடையாது.

மருத்துவ நூலோரும் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவில்லை. சரக சம்ஹிதையின் விமானஸ்தானம் தெய்வம் எனப்படும் ஊழ், புருஷகாரம் எனப்படும் முயற்சி என்ற இரண்டையும் எடுத்து விவாதிக்கிறது. எல்லாமே முன்வினைதான் என்றால் மருத்துவமே வீண் என்று ஆகிவிடும். வலிய முயற்சி மெலிந்த ஊழை வெல்லும், வலிய ஊழ் மெலிந்த முயற்சியை வெல்லும் என்பது அது வந்தடையும் நிலை. திருக்குறளும் ஊழின் பெருவலியைத் தனி அதிகாரமாக வைத்துவிட்டு, ஆள்வினையுடைமைக்கும் மருந்துக்கும் தனித்தனி அதிகாரம் தருகிறது. ஊழை நம்பியவர் மருந்தைப் பாடாமல் விடவில்லை என்பது, குறளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே மாத்திரையை மறுக்கும் பெரியவர்களுக்கு நினைவூட்டத் தக்கது.

இதைவிடக் கடினமான தடை அத்வைத மரபின் திதிட்சை. சங்கரர் பெயரால் வழங்கும் விவேகசூடாமணி, மாற்று வழி தேடாமலும் கவலையும் புலம்பலும் இல்லாமலும் துன்பங்களைப் பொறுப்பதே திதிட்சை என்று வரையறுக்கிறது. மாற்று வழி தேடாமல் என்ற நிபந்தனை வெளிப்படையாகவே இருக்கிறது. அதை மழுப்பிச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் அந்த வரையறை நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். நித்திய அநித்திய விவேகமும் வைராக்கியமும் கைவந்து, முத்தியைத் தவிர வேறெதையும் நாடாத சாதகனுக்கான ஆறு பயிற்சிகளில் அது ஒன்று. பேரக்குழந்தையைத் தூக்கவும் கோயிலுக்கு நடக்கவும் ஆசைப்பட்டு மூட்டை மாற்றிக்கொண்ட இல்லறத்தாருக்கு அது விதியாகாது. பகவத் கீதை இரண்டாம் அத்தியாயத்தில் பொறுக்கச் சொல்வது வந்துபோகும் தட்பவெப்பங்களையும் சுகதுக்கங்களையும். அதே கீதை பதினேழாம் அத்தியாயத்தில், சாத்திரம் விதிக்காத கடுந்தவத்தால் உடம்பையும் உள்ளிருக்கும் இறைவனையும் வாட்டுவோரை அசுர உறுதி கொண்டவர்கள் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பொறுமை என்பது தவிர்க்க முடியாததன் முன் மனம் கலங்காமை என்று கொள்வதே பொருந்தும். ரமண மகரிஷிக்கு 1949-ல் இடக்கையில் எழுந்த கட்டிக்கு நான்கு முறை அறுவை நடந்தது. உடல் தான் அல்ல என்று வாழ்நாளெல்லாம் உணர்த்தியவர் அந்த அறுவைகளைத் தடுக்கவில்லை. பலனைப் பற்றிப் பதறவும் இல்லை. 1950 ஏப்ரல் 14-ல் அவர் மறைந்தார்.

சைவ மரபு இன்னும் வெளிப்படையாக வலியை நீக்கச் சொல்லிக் கேட்கிறது. சூலை நோயால் துடித்த, பின்னாளில் நாவுக்கரசர் எனப்பட்ட மருள்நீக்கியார் திருவதிகையில் தமக்கை திலகவதியாரிடம் வந்து, அவர் தந்த திருநீற்றைப் பூசி, வலியைத் தீர்க்கும்படி வேண்டிப் பாடிய பதிகம்தான் நாவுக்கரசரின் முதல் பதிகம். அதில் வலியின் பெருமை பேசப்படவில்லை. வயிற்றுக்குள் நடப்பது என்ன, எவ்வளவு தாங்க முடியவில்லை என்ற முறையீடுதான் உள்ளது. அவரே முதுமையில் கயிலைக்குப் புறப்பட்டு, கால் தேய்ந்து, கைகளால் தவழ்ந்து, மார்பால் உந்தி, உருண்டு போனதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அந்தக் கதையில் இறைவன் தேய்ந்த உடம்போடு அவரை மேலே வரச் சொல்லவில்லை. உறுப்புகளை மீளத் தந்து, பொய்கையில் மூழ்கவைத்துத் திருவையாற்றில் எழச் செய்தார்.

பாலக்காட்டாருக்கு இதைவிட நெருக்கமான சான்று நாராயணீயம். மேல்புத்தூர் நாராயண பட்டதிரி வாத நோயால் உடம்பு முடங்கிக் குருவாயூரில் தங்கி, நூறு தசகங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுலோகங்களைப் பாடி 1586-ல் முடித்தார். தன் குரு திருக்கண்டியூர் அச்சுத பிஷாரடியின் நோயைத் தான் கேட்டு வாங்கிக்கொண்டார் என்பது மரபுக் கதை. பிறர் வலியை ஏற்ற அந்தத் தியாகியே, பெரும்பாலும் ஒவ்வொரு தசகத்தின் முடிவிலும் என் நோயை நீக்கு என்றுதான் வேண்டுகிறார். அக்ரகாரத்து வீடுகளில் மூட்டு வலியோடு அமர்ந்து நாராயணீயம் வாசிக்கும் பாட்டி, ஏறத்தாழ நூறு முறை நிவாரணம் கேட்கும் ஒரு நூலைத்தான் வாசிக்கிறார். அதை மூடிவைத்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள்வதில் நூலுக்கு முரணாக எதுவும் இல்லை.

பாலக்காட்டின் தமிழ் முஸ்லிம்களில் ராவுத்தர்கள் முக்கியமானவர்கள். பெரும்பாலும் ஹனஃபி வழியினர். முள் குத்தும் வேதனைகூடப் பாவத்தைக் கழிக்கும் என்ற நபிமொழி இவர்களிடம் நன்கு அறிமுகம். நோயைப் படைத்தவன் அதற்கு மருந்தையும் படைத்தான், எனவே சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்ற கருத்துள்ள நபிமொழியும் அதே அளவு அறிமுகம். இரண்டும் மோதவில்லை: வந்த வலிக்கு நற்கூலி உண்டு, அதற்காக வலியை வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. மயக்கம் தரும் பொருள் விலக்கப்பட்டது என்றாலும், மருத்துவர் தரும் தேவையான மருந்துக்கு நிர்ப்பந்தத்தின் சட்டம் இடம் தருகிறது. நோன்புக் காலத்தில் நோயாளிக்கு விட்டுவிட்டுப் பின்னர் நோற்கும் சலுகை குர்ஆனிலேயே இருப்பதால், அறுவை முடிந்த வாரங்களில் பகல் மாத்திரையைத் தவிர்த்து நோன்பிருப்பதும் தேவையில்லை.

மூணாற்றில் தோட்டத் தொழிலாளர்களுக்கு நடுவே சி.எஸ்.ஐ. சபையும் கத்தோலிக்கத் திருச்சபையும் நூற்றாண்டு கடந்தவை. சிலுவையில் வெள்ளைப்போளம் கலந்த திராட்சை ரசத்தை இயேசு ஏற்க மறுத்தார் என்று மாற்கு சுவிசேஷம் சொல்வதைச் சிலர் தங்களுக்கான கட்டளையாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் கேள்வியைத் திருச்சபை நேராகவே சந்தித்திருக்கிறது. 1957 பிப்ரவரி 24-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மயக்க மருத்துவர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு விடையாக, வலியை விரும்பி ஏற்கக் கிறிஸ்தவருக்குக் கட்டாயம் இல்லை, வலி நீக்கும் மருந்து தகும் என்று சொன்னார். வேதனையின் மீட்புப் பொருளை விரித்துப் பேசும் இரண்டாம் யோவான் பவுலின் 1984-ஆம் ஆண்டு மடலும், துன்புறுபவரைக் கண்டு நின்று உதவிய நல்ல சமாரியனில்தான் போய் முடிகிறது. சீர்திருத்த சபையினருக்கு இன்னும் பழைய முன்னோடி உண்டு: 1847-ல் எடின்பரோவில் பிரசவ வலிக்குக் குளோரோஃபார்ம் தந்த ஜேம்ஸ் யங் சிம்ப்சன், சமய எதிர்ப்புக்கு மறுப்பாக எழுதிய சிறு நூலில், ஆதாமின் விலா எலும்பை எடுக்கும் முன் தேவன் அவனை ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தினார் என்ற ஆதியாகமத்தையே சாட்சிக்கு அழைத்தார்.

சமயத் தயக்கத்தோடு பிணைந்து இன்னொரு பயம் வருகிறது: மாத்திரை பழகிவிடும் என்பது. அது முற்றிலும் பொய்ப் பயம் அல்ல. மார்ஃபின் வகை மருந்துகளை மாதக்கணக்கில் தொடர்ந்தால் உடம்பு அவற்றைச் சார்ந்துவிடும். சில நாள், மருத்துவர் சொன்ன அளவில் எடுத்து, படிப்படியாக நிறுத்தும்போது அந்த அபாயம் சிறிது. மலச்சிக்கல், குமட்டல், தலைச்சுற்றல், தடுமாறி விழுதல் ஆகியவையே முதியவருக்கு உடனடி ஆபத்து. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், புற்று நோயாளிகளுக்கே மார்ஃபின் கிடைக்காத காலம் இருந்தது. 2014-ல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அந்த இருட்டில் வழி காட்டியது கேரளம். 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் தொடங்கிய வலி நிவாரண சங்கம், பக்கத்து வீட்டுக்காரர்களையே தொண்டர்களாக்கி வீடுதோறும் போனது. 2008-ல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாக்கியது. இந்தியாவில் அதற்கு முன் எந்த மாநிலமும் செய்யாதது அது. மூட்டு மாற்றியவர் அந்தப் புற்று நோயாளிகளைப் போன்றவர் அல்ல என்றாலும், வலியில் கிடக்கும் ஒருவரை அப்படியே விட்டுவைப்பது அறமாகாது என்ற எண்ணம் இம்மாநிலத்தில் ஊர்வழியாக வளர்ந்தது என்பது எல்லைத் தமிழருக்கும் உரிய பெருமை.

இத்தனை சொன்ன பிறகும் தாங்கித்தான் ஆக வேண்டிய ஒரு வலி மிச்சம் இருக்கிறது. அது பயிற்சியின் வலி. முட்டியைச் சற்று மடக்கி அடியில் தலையணை வைத்துப் படுத்தால் சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தில் சில வாரம் கிடந்தால் கால் நேராக நீளாமல் மடங்கியே நின்றுவிடும். தலையணை குதிகாலுக்கு அடியில்தான் இருக்க வேண்டும். நாற்காலியில் அமர்ந்து எழக் காலைத் தொண்ணூறு பாகையாவது மடக்க வேண்டும். அதற்கு மேல் நூற்றுப்பத்து, நூற்றிருபது வரை போக, ஒவ்வொரு நாளும் வலிக்கும் எல்லையைக் கொஞ்சம் தள்ள வேண்டும். மாத்திரையை மறுத்துவிட்டுப் பயிற்சியையும் மறுப்பவரே அதிகம். வலியோடு மடக்க முடியாததால் மறுக்கிறார். அவர் பொறுமை என்று நினைப்பது கடைசியில் விறைத்த மூட்டாக முடிகிறது, சில சமயம் மறுபடி மயக்கம் கொடுத்து மருத்துவரே மடக்கிவிட வேண்டியதாகிறது. மருந்தின் வேலை வலியை முழுதாகத் துடைப்பது அல்ல. வலி தரும் பயிற்சியைச் செய்ய முடிகிற அளவுக்கு அதைக் குறைப்பதே. பயனுக்காக, அறிந்து, அளவோடு ஏற்கும் வருத்தத்தைத் தவம் என்று சொல்ல நம் மரபில் இடம் உண்டு. உற்ற துன்பத்தைப் பொறுப்பதையும் பிற உயிருக்குத் தீங்கு செய்யாமையையும் சேர்த்தே தவத்துக்கு வடிவம் என்கிறது வள்ளுவம். இரவெல்லாம் அரற்றி வீட்டாரை உறங்கவிடாத வலியை மருந்திருந்தும் வைத்துக்கொள்வது அந்த இரண்டாம் பாதிக்கு ஒத்துவருமா என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

வீட்டாரைச் சொல்லும்போது, குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு அருகிருந்து கவனிப்பவரையும் மருத்துவத்தின் நாலாவது பகுதியாக எண்ணி முடிப்பதை மறக்கக் கூடாது. சரகரிடமும் இதே நால்வகைப் பகுப்பு உண்டு. எல்லைக் கிராமங்களில் இந்த நாலாவது ஆள் பெரும்பாலும் மருமகள் அல்லது மகள், பல சமயம் தானும் தினக்கூலிக்குப் போகிறவள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் குந்தும் கழிப்பறை வெளியே, படி இறங்கிப் போகும் தூரத்தில் இருந்தால், கமோடு நாற்காலி ஒன்று வாங்கிப் போடுவது எந்த மாத்திரைக்கும் குறைவில்லாத வலி நிவாரணம். 1967-ல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், உறவு, ஆன்மா ஆகிய நான்கிலும் பரவிய வலியை முழுவலி என்றார். ஓய்வு பெற்றால் லயத்தை விட வேண்டுமே என்ற கவலையும், அறுவைக்கு வாங்கிய கடனும் மூட்டு வலியைக் கூட்டுகின்றன என்பது கவிதைப் பேச்சு அல்ல; பதற்றமும் மனச்சோர்வும் மிக்கவர்களுக்கு இந்த அறுவைக்குப் பின் வலி கூடுதலாக இருப்பது ஆய்வுகளில் கண்டது. செயற்கை முழங்காலின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்து, வழக்கமான கோபால்ட் குரோமியம் வகையை ரூ. 54,720-க்குக் கொண்டுவந்தது அந்த வகையில் ஒரு வலி நிவாரண நடவடிக்கையும்கூட.

தேறிய பிறகு எழும் கேள்வி வழிபாட்டு நிலை பற்றியது. புது மூட்டோடு சம்மணமிடுவதும் குந்துவதும் பெரும்பாலோருக்கு இயலாது. மருத்துவர்களும் பொதுவாக வேண்டாம் என்பார்கள். முழந்தாளிடுவது காயம் ஆறிய பின் மூட்டைக் கெடுப்பதில்லை என்றாலும், தோலுக்குக் கீழ் ஓடும் சிறு நரம்பு வெட்டுப்படுவதால் தழும்பின் வெளிப்பக்கம் மரத்துப்போய், பலருக்கு அந்த நிலை ஒவ்வாமல் போகிறது. இதில் எந்த மதமும் கடுமை காட்டவில்லை. இஸ்லாத்தில் நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழலாம். நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூது செய்ய முடியாதவர், குனியும் ருகூவைவிடத் தலையைச் சற்று அதிகம் தாழ்த்திச் சைகை செய்தால் போதும். நாற்காலியில் அமர்ந்து நற்கருணை வாங்குவதைத் திருச்சபை தடுக்கவில்லை. பழனி மலைப்படிகளை ஏற முடியாதவருக்கு இழுவை ரயிலும் ரோப் காரும் இருக்கின்றன. மனத்தாலேயே கல் சுமந்து கோயில் கட்டிய பூசலாரின் குடமுழுக்குக்காக, பல்லவ மன்னனின் கற்கோயில் விழாவையே இறைவன் தள்ளிவைக்கச் சொன்னார் என்பது திருநின்றவூர்க் கதை. நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டவர் வண்டியில் போனால் நேர்த்திக்கடன் கழியாது என்று அஞ்சுவதற்கு இந்த மரபில் ஆதாரம் மெலிது.

கடைசியாக, எல்லாம் சரியாகச் செய்தும் போகாத வலி. மூட்டு மாற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மாதங்கள் கடந்தும் குறிப்பிடத்தக்க வலி தங்கிவிடுகிறது. கிருமித் தொற்றோ, பொருத்திய மூட்டு தளர்ந்ததோ, இடுப்பிலிருந்தோ முதுகிலிருந்தோ இறங்கும் வலியோ என்று முதலில் தேடிப் பார்க்க வேண்டும். மூன்று மாதம் கழித்தும் வலி குறையவில்லை என்றால் பழகிவிடும் என்று காத்திராமல் அறுவை செய்த இடத்திலேயே சொல்ல வேண்டும். காரணம் எதுவும் அகப்படாத போதும் அந்த வலி பொய் அல்ல. வலி எப்போதும் அவரவர் சொந்த அனுபவம் என்றும், வலி என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்றும் 2020-ல் திருத்திய வரையறையோடு சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் குறிப்பிடுகிறது. துக்கம் ஆன்மாவின் குணம், அதை அவரவர் மனமே நேராக அறியும் என்று நியாய நூலார் எப்போதோ சொன்னதும் இந்த இடத்துக்கு வந்து சேர்கிறது. மாற்று வழி எல்லாம் தேடி முடிந்த இந்த இடத்தில்தான் திதிட்சைக்கும் இஸ்லாம் சப்ரு என்னும் பொறுமைக்கும் சிலுவையின் பொறுமைக்கும் உண்மையான வேலை இருக்கிறது. வலியோடு நடக்கும் தூரத்தைக் கொஞ்சம் கூட்டவும், அதைப் பற்றிய ஓயாத அச்சத்தைக் குறைக்கவும், செபமும் தியானமும் பாராயணமும் உண்மையாகவே உதவுகின்றன. அப்போதும் அவருக்கு மாத்திரை உண்டு, பயிற்சி உண்டு, வலி மருத்துவர் உண்டு. வலி போகாததை அவருடைய பக்திக் குறைவாகவோ ஈமான் குறைவாகவோ அர்ச்சகரோ பாதிரியாரோ மௌலவியோ வீட்டுப் பெரியவரோ சொல்ல எந்த மரபும் அனுமதி தரவில்லை.